இ.எம்.எஃப். மீட்டர்: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

மின்சாதனங்களைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தையும் போன், டவர் வெளியிடும் ரேடியோ அலையையும் அளக்கும் இந்தக் கையடக்க மீட்டரை வாங்கியதும் முதலில் அதன் அலாரத்தை அணைத்துவிடுங்கள். காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவை (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) தாண்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, பீப் விடாமல் அடிக்கிறது. ஓடுகிற மிக்ஸி பக்கத்தில் கொண்டுபோனாலே போதும்.

அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். வீட்டில் சராசரியாக அந்த அளவுக்கு மேல் காந்தப்புலத்தில் வளர்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டார்கள். காரணம் காந்தப்புலம்தான் என்று நிரூபணமாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002இல் இதை 2பி வகையில், 'உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. ஆக, 0.4 என்பது நெடுநாள் சராசரி. சட்னி அரைக்கிற நேரத்துக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதே தவறு. ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேச ஆணையம் பொதுமக்களுக்கு 2010இல் பரிந்துரைத்த வரம்போ 200 மைக்ரோடெஸ்லா, அதாவது 500 மடங்கு. எந்தக் கோட்டில் சிவப்பு எரியவேண்டும் என்பது மீட்டர் செய்தவர் எடுத்த முடிவு. பார்க்கிறவருக்கு அது டாக்டர் சொன்ன மாதிரி இருக்கிறது.

மாடி வீட்டு அக்கா இதை வாங்கிப்போய்த் தலையணைப் பக்கம் வைத்தார். சுவருக்கு அந்தப்புறம் இன்வெர்ட்டர், சிவப்பு எரிந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை, தலைவலி. கட்டிலை நாலடி தள்ளிப் போட்டதும் எண் சடசடவென்று இறங்கிவிட்டது, தலைவலி இறங்க வாரக்கணக்கானது. அந்த வலி பொய்யில்லை. மின்காந்தப்புலம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் நடத்திய சோதனைகளில், அது தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நம்பியவர்களாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. பயமும் உடம்பைப் படுத்தும். அதனால் இப்போதெல்லாம் யாருக்கும் மீட்டரை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை, கூடவே போய் நிற்கிறேன்.

குறைகள்: ஒரே அச்சில்தான் அளக்கிறது, திருப்பிப் பிடித்தால் எண் மாறுகிறது. ரேடியோ அலையை அளப்பதில் இன்னும் மோசம். சட்டைப்பையில் போன் இருந்தாலே அளவு எகிறும். சிக்னல் குறைந்த லிஃப்ட்டுக்குள் கையிலிருக்கும் போன் காட்டும் அளவு, எதிர்மாடி டவருக்கு நேரே ஜன்னலில் கிடைப்பதைவிட அதிகம். டவர் மேல் சந்தேகம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் கட்டணம் கட்டி முறையாக அளக்கச் சொல்லுங்கள். தொட்டிலையும் படிக்கும் மேஜையையும் எந்தச் சுவரோரம் போடலாம் என்று பார்க்க மட்டும் இந்த மீட்டர் போதும்.