பழைய பர்களைத் திருப்பிக் கேளுங்கள்: டர்பனில் என் எஸ்பிரெஸ்ஸோ கிரைண்டருக்கு நேர்ந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறங்களிலும், எஸ்பிரெஸ்ஸோ காப்பிக்குக் கொட்டை அரைக்கும் விலை உயர்ந்த கிரைண்டரை வீட்டில் வைத்திருக்கும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும், அப்படி ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பழுதுபார்க்கக் கொடுத்த என் கிரைண்டரில் புதிய பர்கள் (கொட்டையை அரைக்கும் வட்டுகள்) மாட்டியதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு கடை, உண்மையில் என் பழைய பர்களையே, அதுவும் சரியாகப் பொருத்தாமல், மாட்டித் தந்தது. புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என்னுடையது இத்தாலியில் செய்யப்பட்ட, 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டையான எஃகுப் பர்களைக் கொண்ட இயந்திரம். பர் என்பது கொட்டையை அரைக்கும் பல்வெட்டிய வட்டு. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எதிரெதிரே அமர்ந்திருக்கும் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளிதான் எஸ்பிரெஸ்ஸோவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்த ஒரு மாலை, பொத்தானை அழுத்தியபோது இயந்திரம் ரீங்காரமிட்டதே தவிரச் சுழலவில்லை. இவ்வகை மோட்டார்களில் அப்படி நேர்ந்தால் பெரும்பாலும், மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். அது விலை குறைந்த பாகம், மாற்றுவதும் எளிது. அந்த ஒரு வேலைக்காகத்தான் கிரைண்டரைக் கடையில் கொடுத்தேன். 1,200 ராண்டுக்குள் முடிந்துவிடும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள்.

பிறகு கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கெப்பாசிட்டரோடு பர்களும் முற்றிலும் தேய்ந்துவிட்டன, மாற்றாவிட்டால் மோட்டாருக்கே ஆபத்து என்றார்கள். கிரைண்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 40 கிராம் காப்பிக் கொட்டை அரைக்கும் வீட்டில், ஓர் ஆண்டு முழுவதும் அந்தப் பர்களின் வழியே செல்வது 15 கிலோவுக்கும் சற்றுக் குறைவே. உணவகங்களுக்கென்று செய்யப்படும் இந்த அளவிலான எஃகுப் பர்கள் சில நூறு கிலோ கொட்டையை அரைத்த பிறகே மாற்றவேண்டிய நிலைக்கு வரும். ஒரு பரபரப்பான காப்பிக் கடை சில மாதங்களில் எட்டிவிடும் அந்த அளவை எட்ட நம்மைப் போன்ற ஒரு வீட்டுக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். வாங்கி மூன்று ஆண்டுகூட நிறையாத என் இயந்திரத்தின் பர்கள் தேய்ந்துவிட்டன என்பது நம்பக்கூடியதாக இல்லை. நான் சம்மதம் தரவில்லை. முதலில் பர்களைப் படமெடுத்து அனுப்புங்கள், பிறகு பேசலாம் என்றேன். படம் வரவில்லை. ரசீதுதான் வந்தது. மொத்தம் 4,350 ராண்ட், அதில் அசல் புதிய பர்களுக்கென்று மட்டும் 2,600 ராண்ட்.

பணத்தைக் கட்டாமல் இயந்திரத்தைத் தரமாட்டோம் என்றதால் கட்டினேன். பழைய பர்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்தபின் காப்பி சரியாகவே இறங்கவில்லை. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் எஸ்பிரெஸ்ஸோ 28 வினாடியில் இறங்கிக்கொண்டிருந்த அதே அமைப்பில், இப்போது 15 வினாடிக்குள் கொட்டித் தீர்ந்தது. இன்னும் மென்மையாக அரைக்க முயன்றால், வேண்டிய மென்மையை எட்டும் முன்பே பர்கள் ஒன்றோடொன்று உரசும் கீச்சொலி எழுந்தது. கடையில் கேட்டபோது, டர்பனின் கடற்காற்றும் ஈரப்பதமும்தான் காரணம், புதிய பர்கள் பழகவும் கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார்கள். இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இப்படிப்பட்ட பதில்கள் எளிதில் நம்பப்படுகின்றன. ஈரப்பதம் கொட்டையைப் பாதிக்கும் என்பது சரியே, புதிய பர்கள் சில கிலோ அரைத்த பிறகே நிலைப்படும் என்பதும் சரியே. ஆனால் ஈரக்காற்று இரண்டு உலோக வட்டுகளை ஒரு பக்கம் மட்டும் உரச வைக்காது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் என் தாய்மாமா, சர்க்கரை ஆலையில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் முன்னிலையில், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மேல் பர்ரைக் கழற்றினோம். அதன் வெளி விளிம்பில் ஒரு பல்லின் முனை உடைந்திருந்தது. கொட்டையோடு கலந்து வந்த ஒரு சிறு கல்லால் முன்பு உண்டான உடைப்பு அது. சுத்தம் செய்யும்போதெல்லாம் பர்களைப் படமெடுத்து வைப்பது என் வழக்கம் என்பதால், அதே பல், அதே உடைப்பு, திருகுத் துளைக்கு அருகே அதே கீறல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பர் அமரும் தளத்தில் பழைய காப்பித் தூள் அப்படியே இறுகிக் கிடந்தது. மாமா அதை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டி, "மாப்பிள்ளை, கழற்றினவன் இந்த இடத்தைத் துடைக்கவே இல்லை, தூளுக்கு மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறான்" என்றார்.

தளத்தில் சிக்கிய தூள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தாலே போதும், வட்டு சாய்ந்துவிடும். அதை யாரும் வீட்டிலேயே சோதிக்கலாம். அழியக்கூடிய மார்க்கர் பேனாவால் பர்களின் வெளி விளிம்பு முழுவதும் மை தடவி, மீண்டும் பொருத்தி, மின்சாரம் இல்லாமலேயே கையால் சுழற்றி, உரசத் தொடங்கும் வரை மெல்ல இறுக்க வேண்டும். திறந்து பார்க்கும்போது மை சுற்றிலும் ஒரே சீராக அழிந்திருந்தால் பொருத்தம் சரி. எங்கள் சோதனையில் ஏறக்குறைய கால் வட்டத்தில் மட்டுமே மை அழிந்திருந்தது. தளத்தைத் துடைத்து, மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கிய பின் மை சீராக அழிந்தது. காப்பியும் பழையபடி 28 வினாடிக்குத் திரும்பியது. தேய்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே பர்களில்தான்!

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. பழுதுபார்ப்பவர் மதிப்பீடு தந்து, நாம் சம்மதித்த வேலைக்கு மட்டுமே பணம் கேட்கலாம் என்கிறது பிரிவு 15. கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்திருந்து, வேண்டாமென்று நாமே சொன்னாலொழிய, சுத்தமான உறையில் திருப்பித் தரவேண்டும் என்கிறது பிரிவு 67. ஆகவே "குப்பையில் போட்டுவிட்டோம்" என்பதே சட்டமீறல். வேலையின் தரம் குறைந்தால், குறையைச் சரிசெய்யவோ, கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கோரும் உரிமையைப் பிரிவு 54 அளிக்கிறது.

இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, முந்தைய படங்களையும் புதிய படங்களையும் இணைத்து, கடைக்கு எழுதினேன். முதலில் அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரவுச் சீட்டு அனுப்பினார்கள். அதை ஏற்க மறுத்து, நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் பதிந்தேன். அங்கே நுகர்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அவருடைய பரிந்துரை கடையைச் சட்டப்படி கட்டாயப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடை ஏற்காவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கோ, வழக்கறிஞரே இல்லாமல் வாதாடும் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

கிரைண்டரைக் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்பே பர்களின் இரு பக்கங்களையும் படமெடுத்து, பின்பக்கத்தில் தங்களுக்கு மட்டும் தெரியும் ஒரு சிறு குறியைக் கீறி வையுங்கள். வேலைச் சீட்டில் மதிப்பீட்டுத் தொகையையும், பழைய பாகங்கள் திருப்பித் தரப்படவேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் இயந்திரத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

பர்களுக்கான 2,600 ராண்ட் புகாருக்குப் பிறகு என் வங்கிக் கணக்கில் வந்துசேர்ந்தது. அவற்றை மாட்டியதற்கென்று வாங்கிய கூலி இன்னும் வரவில்லை. அதற்கான புகாரை நான் திரும்பப் பெறவில்லை.