மூன்று இயங்குதளங்களுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி: ஆறு மாதப் பாவனையின் பின்

கொக்குவிலில் கோவில் மலர்கள், நினைவு மலர்கள் ஆகிய சிறப்பு நூல்களை வடிவமைக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் விண்டோஸ் கணினிகள் இரண்டும், பழைய மக் ஒன்றும், லினக்ஸ் கணினி ஒன்றும் உள்ளன. பென்டிரைவில் கோப்புகளைக் காவித் திரிந்து, இறுதிப் பிரதி எதுவென்று தெரியாமல் அல்லற்பட்ட பின்னரே, எல்லாக் கணினிகளும் வலையமைப்பு வழியாகப் பகிர்ந்துகொள்ளும், இரண்டு வன்தட்டுகள் கொள்ளும் என்.ஏ.எஸ். என்ற சேமிப்புப் பெட்டியொன்றை வாங்கி ரவுட்டருடன் இணைத்தோம்.

பெட்டியில் குறையில்லை; அதைப் பொருத்திய விதத்தில்தான் குறை இருந்தது. கடையிலிருந்து வந்தவர், கடவுச்சொல் தொல்லையின்றி எல்லோரும் நுழையட்டும் என்று விருந்தினர் அனுமதியைத் திறந்துவிட்டதோடு, கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையின் பழைய முதலாம் பதிப்பையும் இயக்கிவிட்டுச் சென்றார். 2017 இல் வானாக்ரை என்ற கப்பம் கேட்கும் தீநிரல் பரவியது விண்டோஸில் இருந்த அதே பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். எங்கள் புதிய விண்டோஸ் 11 கணினியோ விருந்தினர் நுழைவை ஏற்கவே மறுத்தது. இரண்டையும் நிறுத்தி, ஆளுக்கொரு கணக்குத் திறந்ததும் விண்டோஸ் பிரச்சினை தீர்ந்தது.

மக்கில் வேலை எளிது. 2013 இல் வந்த மேவரிக்ஸ் முதல் ஆப்பிளும் எஸ்.எம்.பி.யையே முதன்மையாகக் கொண்டிருப்பதால், ஆப்பிளின் பழைய பகிர்வு நெறிமுறையான ஏ.எஃப்.பி.யைத் திறக்கத் தேவையில்லை. லினக்ஸுக்கு என்.எஃப்.எஸ். என்ற இன்னொரு பகிர்வு நெறிமுறையை முயன்றோம், அது வழமையான அமைப்பில் பயனரைப் பெயரால் அன்றி எண்ணால் அறிவதால், ஒருவரின் கோப்பு மற்றவருடையதாகத் தெரிந்தது. அங்கும் எஸ்.எம்.பி.க்கே திரும்பினோம்.

தமிழில் கோப்புப் பெயரிடுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற பழைய கோப்பு முறைமையில் அமைந்த மக் வன்தட்டிலிருந்த கோப்புகளை, ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கருவி மூலம் பெட்டிக்கு மாற்றியபோது, 'கோவில்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றின. அந்த வன்தட்டு ஓகாரக் குறியை, விண்டோஸில் தட்டச்சிடுவதுபோல் ஒற்றைக் குறியாக வைக்காமல், ஏகாரக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, லினக்ஸில் இயங்கும் பெட்டிக்கோ வெவ்வேறு பெயர்கள். ஆகவே விண்டோஸில் தேடினால் பாதி மலர்களே அகப்பட்டன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே கதிதான். கன்வ்எம்வி என்ற இலவசக் கருவியால் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற ஒரு மாலை முழுவதும் சென்றது. முதலே தெரிந்திருந்தால் மாற்றும்போதே செய்திருப்போம்.

மின்வெட்டுக்கு அஞ்சி யு.பி.எஸ். ஒன்றும் வாங்கினோம். இரு வன்தட்டுகளிலும் ஒரே பிரதி இருந்தாலும், தவறுதலாக அழிப்பது இரண்டிலும் அழியும். அதனால் ஞாயிறுதோறும் வெளி வன்தட்டொன்றில் பிரதியெடுத்து என் வீட்டில் வைக்கிறேன்.