வெள்ளி மாலை வரும் இரண்டு பக்கம்

பரந்தனில் உரக்கடை வைத்திருக்கிறேன். 2023இல் காலபோக நெல் விற்ற காசில் இரண்டு லட்சத்தை ஒதுக்கி, கொழும்புத் தரகு நிறுவனம் ஒன்றில் பங்குக் கணக்குத் திறந்தேன். பெயர் சொல்லவில்லை, இன்னும் அவர்களோடுதான் கொடுக்கல் வாங்கல். கணக்குத் திறந்தது சுகம். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பினேன். பஸ் ஏற வேண்டி வரவில்லை.

எழுத வந்தது அவர்கள் வெள்ளிதோறும் அனுப்பும் வார அறிக்கையைப் பற்றி. பங்குச் சந்தை இரண்டரைக்கு மூடும், நான் கடை பூட்டுவதற்குள் இமெயில் வந்துவிடும். இரண்டு பக்கம், ஆங்கிலம் மட்டும். மத்திய வங்கி அறிவித்தலே தமிழில் வருகிறது, இவர்களுக்கு ஏனோ மனம் வரவில்லை. ஏ.எல். படிக்கும் மகள்தான் வாசித்துச் சொல்வாள். “புல்லிஷ் எண்டால் நாம்பன் மாதிரிப் பாயுமாம், அப்பா.”

முதல் பக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். சந்தையின் எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் ஒரே எண்ணில் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், வெளிநாட்டுக்காரர் வாங்கியது விற்றது, டொலர், அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி எல்லாம் சுத்தமாக இருக்கும். நான் கணக்குத் திறந்தபோது 30 வீதத்தை ஒட்டி நின்ற உண்டியல் வட்டி 2024 முடிவில் 9 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. வட்டி இறங்க இறங்க, வைப்பில் கிடந்த காசு பங்குப் பக்கம் ஓடி வந்ததை அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். 2022 முடிவில் 8,500ஐத் தொடாமல் நின்ற சுட்டெண் 2024 முடிவில் 15,900ஐத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிக்கல் இரண்டாம் பக்கத்தில். அடுத்த வாரம் எப்படி, எதை வாங்கலாம் என்று அங்கே எழுதுவார்கள். பழைய அறிக்கைகளை அச்செடுத்து பில் புத்தகங்களோடு கட்டி வைத்திருக்கிறேன். கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் புரட்டினேன். ‘இறங்கலாம், பொறுங்கள்’ என்று ஒரு தடவைகூட இல்லை. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கா எங்கள் ஏற்றுமதிக்கு 44 வீத வரி என்று அறிவித்த கிழமையும் ‘நல்ல வாய்ப்பு’ என்றுதான் இருந்தது. திங்கள் காலை சந்தை விழுந்த விழுகையில் வியாபாரத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். பங்கு வாங்கி விற்கும் போன் செயலி சுற்றிக்கொண்டே நின்றது. கடைசியில் நிறுவனத்தின் ஆலோசகர் பிள்ளை போனை எடுத்தாள். “அண்ணை, பயத்தில விக்காதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ.” கட்டு முழுக்கத் தேடியும் கிடைக்காத சொல்லை அவள் வாயால்தான் கேட்டேன்.

தரகுக் கணக்கும் அறிக்கையில் கிடையாது. தரகு, கட்டணம், வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போதும் அதே. 50,000 ரூபாய்க்கு வாங்கினால் 560, அதே விலைக்கு விற்றால் இன்னொரு 560. சுட்டெண் கிழமைக்கு ஒரு வீதம் ஏறினாலே அறிக்கை துள்ளும். எனக்கோ இரண்டேகால் வீதம் ஏறினால்தான் முதல் தப்பும். முதல் நாலு மாதம் அவர்கள் தெரிவு செய்ததையெல்லாம் வாங்கி விற்றுத் திரிந்தேன். விலை ஏறியது உண்மை. தரகு போக மிஞ்சியது மூவாயிரத்துச் சொச்சம்.

அறிக்கையின் பொருளாதாரப் பந்தியில் நெல்லும் இல்லை, உரமும் இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது என் ராக்கைகள் வெறுமையாகின, வயல்கள் மஞ்சளடித்தன. அடுத்த வருடம் பணவீக்கம் 70 வீதம் வரை போகப்போவது என் கடைக் கடனேட்டைப் பார்த்திருந்தால் முதலே பிடிபட்டிருக்கும்.

இப்போது போகத்துக்கு ஒரு தடவைதான் வாங்குகிறேன், அதுவும் வங்கிப் பங்கு இரண்டு மூன்று. அறிக்கையில் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுக்கிறேன். ஐந்துக்கு மூன்று போடலாம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்றால் ஐந்து.