வேலூர் வெயிலில் ஆறு வருஷம்: என் லாரியின் ஜிபிஎஸ் கருவி

2019 ஜூனில் மாட்டிய கருவி இன்னும் ஓடுகிறது. இடையில் உள் பேட்டரியை இரண்டு முறை மாற்றினேன், ஆன்டெனா ஒயரை ஒரு முறை. வண்டி நிற்பது காட்பாடியில். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் சரக்கோடு சென்னைத் துறைமுகம் போகும். சீசனில் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலிருந்து புளியும் சாமையும் ஏற்றி வரும். வண்டி ஜிபிஎஸ் கருவிகளுக்கான இந்தியத் தரமான ஏஐஎஸ் 140-இல்தான் வாங்க வேண்டும் என்று நின்றேன். லாரியின் மின்சாரம் அறுந்தாலும் உள் பேட்டரியில் 4 மணி நேரமாவது கருவி வேலை செய்ய வேண்டும் என்று அந்தத் தரம் கேட்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் மூன்று வருஷம் செல்போனில் புள்ளி நகர்கிறதா என்பதை மட்டுமே பார்த்தேன். 2022 மே மாதம் ஒரு விடியற்காலையில் டிரைவர் போன் செய்தார். "ஓனர், வண்டி கீது, பேட்டரி ரெண்டையும் காணோம்." ஒயரைப் பிடுங்கியதுமே என் போனுக்கு எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கருவியைக் கழற்றித் திறந்தால், உள்ளே இருந்த லித்தியம் பேட்டரி பூரி மாதிரி உப்பி மூடியை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. விற்றவரிடம் கேட்டேன், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வயிறு எரிந்தது. செத்தது பேட்டரி மட்டும்தான், கருவி நன்றாகவே இருந்தது.

மாட்டிய இடம் தப்பு. கண்ணாடிக்கு நேர் கீழே, டாஷ்போர்டு மேலே வைத்திருந்தோம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊரில் வெளியிலேயே 40-ஐத் தாண்டுகிறது, மூடிய கேபினுக்குள் கேட்கவே வேண்டாம். புது பேட்டரி போட்டதும், கருவியை டாஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கு அடியில் இறக்கினேன். பிளாஸ்டிக் சிக்னலை மறைக்காது, தகடுதான் மறைக்கும். 14 செயற்கைக்கோள் காட்டியது 11 ஆனது. இடம் சொல்ல 4 இருந்தாலே போதும், அதனால் கவலைப்படவில்லை.

அப்புறம் ஒரு பழக்கம் வந்தது. ஞாயிறு ராத்திரி, ஷெட்டில் ஒரே இடத்தில் நிறுத்தி, கருவி அனுப்பும் அளவுகளை நோட்டில் எழுதுகிறேன். மாதம் ஒரு முறை லாரி இணைப்பைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விடுவேன். உள் பேட்டரி 4.1 வோல்ட்டில் தொடங்கி 3.9-இல் நின்றால் நல்லது. 2024-இல் அதே ஒரு மணி நேரத்தில் 3.5-க்கு வந்தது, மறுநாளே மாற்றிவிட்டேன். உப்பும் வரை காத்திருக்கவில்லை.

செயற்கைக்கோள் எண்ணிக்கை ஒரு வாரம் 6-க்கு இறங்கியது. கருவியே போச்சு என்று மெக்கானிக் சொன்னார். ஆன்டெனா ஒயரின் முனையைத் திருகிப் பார்த்தால் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. வாட்டர் வாஷ் தண்ணீர். ஒயரை மாற்றியதும் பழையபடி 11.

மலையில் செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் கருவி தகவலைச் சேர்த்து வைத்து, கீழே இறங்கியதும் அனுப்பும். நினைவகம் நிரம்பியிருக்கும் சதவீதம் காட்பாடி வந்த பிறகும் குறையவில்லை என்றால் முதலில் கருவியின் சிம் சந்தாவைப் பாருங்கள்.

இதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் உண்டு. என் லாரி 24 வோல்ட் வண்டி. இன்ஜின் ஓடும்போது லாரி பேட்டரியின் அளவாகக் கருவி 27, 28 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு நாள் ஓடும்போதே 24.6 காட்டியது. டிரைவரிடம் சொல்லி பள்ளிகொண்டாவில் ஓரம் கட்டச் சொன்னேன். லாரி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் வழுக்கியிருந்தது. ராத்திரியில், சரக்கோடு, நடுவழியில் நின்றிருக்க வேண்டிய வண்டி அது.

போன வாரச் சோதனையில் ஒரு மணி நேரத்தில் 3.7. அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4-க்கு முன்னால் மறுபடி பேட்டரி மாற்றியாக வேண்டும்.