மார்கழியில் பிறக்கும் செம்மறிக் குட்டி: பல்பா, படுதாவா, சாக்குச் சட்டையா?

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் மேச்சேரி ஆடு குட்டி போட்டால், குட்டியைக் குளிரிலிருந்து காக்கப் பெரும்பாலானோர் முதலில் தேடுவது சூடு தரும் பல்பை. என்னைக் கேட்டால் பல்பு கடைசியில் வாங்க வேண்டிய பொருள். முதல் காசு படுதாவுக்கும் படுக்கைக்கும்தான் போக வேண்டும்.

காரணம் இருக்கிறது. தாய் வயிற்றில் 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்த குட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட விடிகாலைக் குளிரில் வந்து விழுகிறது. ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதில் வாடைக்காற்றும் பட்டால் சூடு இறங்கும் வேகத்தைக் கேட்கவே வேண்டாம். மேச்சேரிக் குட்டிக்குக் கம்பளியும் கிடையாது, குட்டை முடிதான். எடையோ இரண்டு, இரண்டரை கிலோ. பிறக்கும்போதே உடம்பில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும், அதை எரித்துச் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அது தீர்ந்த பிறகு சூடு வர வேண்டுமென்றால் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். வெறும் குளிரைவிட ஈரமும் காற்றும் காலி வயிறும் சேர்ந்துதான் குட்டியைச் சாய்க்கின்றன. எந்த முறையை எடுத்தாலும் இந்த மூன்றில் எதைத் தடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

படுதாவும் படுக்கையும் இரண்டைத் தடுக்கும். வாடைக்காற்று வரும் பக்கம் தரையிலிருந்து மூன்று அடிக்குச் சாக்கோ தார்ப்பாயோ கட்டினால் போதும். மேல்பகுதியைத் திறந்தே விட வேண்டும். கொட்டகையைச் சுற்றி முழுக்க மூடிவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே மூத்திர வாடை தேங்கி, குளிரில் தப்பிய குட்டி சளிக்காய்ச்சலில் போய்விடும். குனிந்து, குட்டி படுக்கிற உயரத்தில் ஒரு முறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கண்ணும் மூக்கும் எரிந்தால் காற்றோட்டம் பத்தவில்லை. படுக்கைக்கு வைக்கோல் நல்லது, கடலைத்தொலியும் ஆகும். அதன்மேல் முட்டி போட்டு உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் ஈரம் ஒட்டக் கூடாது.

இப்போது பலர், தரைக்கு மேலே இடுக்கு விட்டுப் பலகை அடித்த பரண் கொட்டகைக்கு மாறிவிட்டார்கள். பெரிய ஆட்டுக்குப் பரண் அருமையானது, புழுக்கை கீழே விழுந்துவிடும், தரை காய்ந்திருக்கும். ஆனால் பலகை இடுக்கு வழியாகக் கீழிருந்து வரும் காற்று பச்சைக்குட்டியின் வயிற்றில் நேராக அடிக்கும். மேலே எத்தனை பல்பு போட்டாலும் இது நிற்காது. குட்டி போட்ட ஆட்டுக்கு ஒரு மூலையைத் தட்டி வைத்துத் தடுத்து, அங்கே மட்டும் பலகை மேல் சாக்கு விரித்து வைக்கோல் போடுங்கள். நனைந்தால் சாக்கை மாற்றுங்கள்.

பல்புக்கு வருவோம். ஈரக் குட்டியைச் சீக்கிரம் காய வைக்கவும், இரட்டையில் நோஞ்சானாக வந்ததைத் தேற்றவும் அதற்கு ஈடு கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது, அது எல்இடியா என்பது. எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்போ, சிவப்பு ஹீட் பல்போதான் வேண்டும். 250 வாட் பல்பு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 3 யூனிட். செலவைவிட எனக்குப் பயம் தீதான். வைக்கோலும் சாக்கும் உள்ள இடத்தில் பல்பு அறுந்து விழுந்தால் பட்டியே போய்விடும். ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டி, தாய் ஆட்டின் தலை முட்டாத உயரத்தில் நிறுத்த வேண்டும். குட்டிகள் பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் சூடு போதவில்லை, விலகி ஓரத்தில் படுத்தால் அதிகம். இன்னொன்று, சூட்டில் சொக்கிக் கிடக்கும் குட்டி பால் குடிக்க எழுவதில்லை. அதை எழுப்பித் தாயிடம் விட ஆள் வேண்டும். விடிகாலையில் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

கரண்டே இல்லாத வயல்வெளி ஆட்டுக் கிடைக்குச் சாக்குச் சட்டைதான் சரி. சாக்குக்குப் பதில் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி முன்னங்கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டாலே ஒரு சட்டை ஆயிற்று. தாய் நக்கிக் காயவைத்து, குட்டி ஒரு தடவை பால் குடித்த பிறகே போட வேண்டும். முந்திக்கொண்டால் வாடை மாறி, தாய் முட்டித் தள்ளக்கூடும். வால் பக்கத்தை மூடக் கூடாது, தாய் மோந்து பார்த்து அடையாளம் காண்பது அங்கேதான். தொப்புளும் திறந்திருக்கட்டும். வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள். ஆனால் மழை நாளில் நனைந்த சட்டை, சட்டை இல்லாததைவிட மோசம். அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு இதை நம்ப மாட்டேன், அப்போது கூரையும் படுதாவும்தான்.

கங்குச் சட்டியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் நச்சுக்காற்று ஆட்டையும் கொல்லும், காவலுக்குப் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

இவை எல்லாம் நன்றாக இருக்கும் குட்டிக்கு. துவண்டு கிடப்பதற்கு வழி வேறு. வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் தெர்மாமீட்டரை எடுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கையில் 39 டிகிரிக்கு மேல் இருப்பதுதான் சரி. 37க்கும் 39க்கும் நடுவில் இருந்தால் துடைத்துக் காயவைத்து, சீம்பால் கறந்து கிலோவுக்கு 50 மில்லி புகட்டி, படுதா மறைவில் விட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

37க்குக் கீழே போயிருந்தால் குட்டியின் வயதைப் பாருங்கள். பிறந்து 5 மணி நேரத்துக்குள் என்றால் உடம்பில் இன்னும் கொழுப்பு மிச்சமிருக்கும், துடைத்துவிட்டு உடனே சூடு கொடுக்கலாம். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை இரு பக்கமும் வைத்தால் போதும். 5 மணி நேரம் தாண்டியிருந்தால் ரத்தத்தில் சர்க்கரை வற்றியிருக்கும். அந்த நிலையில் முதலில் சூடு கொடுத்தால் வலிப்பு வந்து செத்துவிடக்கூடும். மருத்துவர் வயிற்றில் குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகுதான் சூடு. கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழைத்து, குட்டி பிறந்து 5 மணி நேரம் தாண்டிவிட்டது, சூடு 37க்குக் கீழே என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தலையைத் தூக்க முடியாத குட்டிக்கு வாயில் பால் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். சூடு ஏறி, தலை நிமிர்ந்த பிறகு சீம்பால் கொடுத்து, வயிறு நிறைந்ததைத் தடவிப் பார்த்துத் தாயிடம் விடுங்கள்.