மெலிந்த ஃபெரெட்டுக்கு எடை ஏற்ற: ஊட்டிக் குளிரில் ஒன்றரை ஆண்டுப் புழக்கத்தில் எது தேறியது, எது தேறவில்லை

எலும்பும் தோலுமாக ஒரு ஃபெரெட் (கீரியைப் போல் நீண்ட உடல் கொண்ட, வீட்டில் வளர்க்கும் சிறு ஊனுண்ணி) வந்து சேர்ந்தால் கை முதலில் கொழுத்த தீனியைத்தான் தேடும். அதற்கு முன் வாங்க வேண்டியது தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். வாங்கிய சாமான்களிலேயே முழு மதிப்பெண் இதற்குத்தான். மேலே ஆழமான பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, டப்பாவின் அடியில் ஒரு சொட்டு மீன் எண்ணெய் தடவினால், நக்கி முடிக்கும் வரை ஆள் அசையாது. தினமும் காலையில் முதல் தீனிக்கு முன், மலம் கழித்த பிறகு எடை போடவும். மலைக்குளிரில் பாட்டரி இறங்கி எண் தடுமாறும் என்பதால், பிரிக்காத ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை வைத்து வாரம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வளர்ந்த ஆண் பொதுவாக 1 முதல் 2 கிலோ, பெண் 600 கிராம் முதல் 1 கிலோ. உடல்வாகு ஒன்றுக்கொன்று மாறும். அதனால் எண்ணோடு விரலையும் நம்புங்கள்: முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டு, இடுப்பெலும்பு துருத்தினால் மெலிவுதான்.

நீலகிரிக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தோட்டத்து ஓரத்தில் அகப்பட்ட ‘ஃபெரெட்’ உண்மையில் கீரியாகவோ, மஞ்சள் தொண்டையுள்ள நீலகிரி மார்ட்டெனாகவோ இருக்கலாம். மார்ட்டென் ஃபெரெட்டின் குடும்பமேதான். கீரியும் மார்ட்டெனும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வைத்துத் தேற்றப் பார்க்காமல் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது கால்நடை மருத்துவர். மெலிவு என்பது பசி மட்டும் இல்லை. பல் சொத்தை, குடலில் சிக்கிய ரப்பர்த் துண்டு, ஒட்டுண்ணி, இரைப்பைப் புண் என்று எதுவும் பின்னால் இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நீண்ட நாள் சினைப்பருவத்திலேயே (இணை தேடும் பருவம்) நின்றால் எலும்பு மஜ்ஜை பாதித்து இரத்தசோகை வரும். பிறப்புறுப்பு வீங்கி ஈறு வெளுத்திருந்தால், எத்தனை டப்பா ஊட்டினாலும் தேறாது.

முதல் வாரம்தான் ஆபத்தானது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சரிந்து இதயம் தடுமாறும். அதற்குப் பயந்து பட்டினியும் போட முடியாது. ஃபெரெட்டின் குடலில் உணவு மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும், சர்க்கரை சட்டென்று இறங்கும். ஆகவே அளவு குறைவாக, தடவை அதிகமாக. 600 கிராம் எடையுள்ள ஒன்றுக்கு ஒரு நாள் தேவை ஏறத்தாழ 120 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள் (கிலோவுக்கு 200). முதல் இரண்டு நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40 கலோரி, எட்டு வேளையாக. மூன்றாம் நாள் பாதி, நான்கு ஐந்தாம் நாள் மூன்றில் இரண்டு, ஆறாம் நாளிலிருந்து முழு அளவு. நடுவில் சோர்வோ வாந்தியோ வந்தால் முந்தைய படிக்கு இறங்கி மருத்துவரைக் கூப்பிடுங்கள். நிலை தேறி எடை ஏறத் தொடங்கியதும் தேவையும் கூடும், அப்போது கிலோவுக்கு 300 வரை போகலாம்.

டப்பா உணவில், நோயிலிருந்து தேறும் பூனை நாய்களுக்கான மசியல் வகைக்கு (ராயல் கானின் ரெகவரி, ஹில்ஸ் ஏ/டி) ஈடு இல்லை. கிராமுக்கு ஒரு கலோரிக்குச் சற்று மேல் கிடைக்கும், சிரிஞ்சில் அடைக்காமல் இறங்கும். முதல் நாள் கணக்கு வேளைக்கு 4 முதல் 5 மில்லி. உடல் சூட்டுக்கு இளம் வெதுவெதுப்பாக்கி, வாயின் ஓரத்தில், பல்லுக்குப் பின்னால், அரை அரை மில்லியாக, விழுங்குவதைப் பார்த்துக் கொடுங்கள். மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். குறை என்றால் விலையும், திறந்தபின் இரண்டு நாளில் தீர்க்க வேண்டியதும். ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைய வைத்தால் வீணாகாது.

வீட்டுக் கஞ்சி மலிவு, ஆனால் தனியாக நிற்காது. தோலோடு கோழித் தொடைக்கறி 250 கிராம், ஈரல் 25 கிராம், தண்ணீர் 400 மில்லி. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். வெந்ததும் எலும்பை முழுக்க நீக்கிவிட்டு, ஊறவைத்த பூனைக்குட்டித் தீனி 100 கிராம் சேர்த்து மிக்ஸியில் மையாக அரைக்கவும். அந்தத் தீனிதான் கால்சியமும் டாரின் என்ற அமினோ அமிலமும் தருவது. அது இல்லாமல் வெறும் கறியை வாரக்கணக்கில் கொடுத்தால் எடை ஏறும், எலும்பு பலவீனப்படும். கறிக்கடையில் தோலுரித்த நெஞ்சுக்கறி வாங்குவது பலர் செய்யும் தவறு. அதில் கொழுப்பே இல்லை.

சத்து ஜெல் குழாய்களுக்குக் குறைந்த மதிப்பெண். ருசிக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு. ஃபெரெட்டுக்குக் கணையக் கட்டி அடிக்கடி வரும் இனம் என்பதால், இனிப்பில் எடை ஏற்றுவது வேண்டாத வேலை. பால், வாழைப்பழம், ராகிக் கூழ் மூன்றும் அப்படியே. ஃபெரெட்டுக்குப் பெருங்குடல்வாய்ப் பை கிடையாது, நார்ச்சத்தை அதனால் செரிக்க முடியாது. மலைத்தேனுக்கு ஒரே ஒரு வேலை உண்டு: இரத்தச் சர்க்கரை சரிந்து, எச்சில் ஒழுக்கி, வாயைக் காலால் பிறாண்டி, கண் சொருகி, பின்னங்கால் துவண்டால் பல் ஈறில் ஒரு துளி தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

உலர்ந்த தீனிக்கு மாறுவதில் பொறுமை வேண்டும். குட்டிப் பருவத்தில் மணம் பழகிய உணவைத் தவிர மற்றதை ஃபெரெட் உணவாகவே மதிக்காது. புதிய தீனியைப் பொடித்து, பழகிய கஞ்சியில் ஒரு சிட்டிகையில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் கூட்டவும். புரதம் 35 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு 20 அளவில் இருக்கும் பூனைக்குட்டித் தீனி போதும். உறையில் முதல் பெயரே சோளமோ அரிசியோ என்றால் வாங்காதீர்கள்.

இந்தத் தீனி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலையில் படும் பாடு தனி. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும், பிரித்த பை சில நாளிலேயே நமுத்து, பிறகு பூசணம் பிடிக்கும். சின்னப் பையாக வாங்கி, இறுக மூடும் எவர்சில்வர் தூக்கில் போடுங்கள். ஒருநாள் திடீரெனச் சாப்பிட மறுத்தால் நோயைத் தேடுமுன் தூக்கை முகர்ந்து பாருங்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோயம்புத்தூர்ச் சரக்கும் நின்றுபோகும். இரண்டு வாரக் கையிருப்பு வேண்டும்.

கொழுப்பில்லாத உடல், ஏறுகிற கலோரியைக் குளிருக்கே செலவழித்துவிடும். துணி சுற்றிய வெந்நீர்ப் பை, கம்பளித் தொட்டில், தரையிலிருந்து உயர்த்திய பெட்டி நன்றாக உதவின. மின்கம்பளம் வேண்டாம், ஒயரைக் கடிக்கும். மூடிய அறையில் கரியடுப்பு கூடவே கூடாது, அந்த வாயு ஆளையே கொல்லும். சூட்டிலோ கதை நேர் எதிர். 30 டிகிரிக்கு மேல் ஃபெரெட் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் மலையேறிவிடவும்.

எடை ஏறினால் மட்டும் போதாது, எங்கே ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 600 கிராம் விலங்குக்கு வாரம் 30 முதல் 50 கிராம் என்பது எங்கள் அளவுகோல். ஒரு வேளை தீனியும் மலமும் 20 கிராம் வரை ஆட்டிவிடும் என்பதால், நாள் எண்ணை விட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். வயிறு மட்டும் உப்பி, ஓரிரவில் 50 கிராம் கூடினால் அது கொழுப்பில்லை, நீர். மலமும் பேசும். தினை போல் மணிமணியாக வந்தால் செரிக்கவில்லை. பச்சையாக, சளி சளியாக இருந்தால் குடல் அழற்சி. தார் போல் கறுத்து, கூடவே பல்லைக் கடித்தால் இரைப்பைப் புண், அன்றே மருத்துவர்.

குளிர்காலத்தில் தானாகவே கொழுப்புச் சேர்வது ஃபெரெட்டின் இயல்பு. அது பகல் குறைவதைக் கண்டு நடப்பது. இந்த அட்சரேகையில் பகல் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான், இரவு விளக்கு அதையும் குழப்பும். எனவே டிசம்பரில் கூடியது நம் தீனியாலா, பருவத்தாலா என்று பிரிக்க மார்ச் வரை குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிரிஞ்சை நிறுத்துவதிலும் வரிசை உண்டு. தானாகச் சாப்பிட்டு, மூன்று நாள் எடை இறங்காமல் நின்றால், முதலில் மதிய வேளையை விடுங்கள், பிறகு மாலையை. விடிகாலை வேளை கடைசி வரை இருக்கட்டும். ஊட்டியில் குளிர் உச்சத்தில் இருப்பதும், ஃபெரெட்டின் வயிறு காலியாக இருப்பதும் அந்த நேரத்தில்தான்.