காலி மனையும் டெலிபோன் பூத்தும்: யகூசா வரிசையோடு இரண்டு வருஷம்

லேப்டாப் நேற்றுதான் வீட்டுக்கு வந்தது. முதல் கடையில் மதர்போர்டே போய்விட்டது என்று பெருந்தொகை கேட்டார்கள். இரண்டாவது கடையில் விசிறியை மட்டும் மாற்றி அரை மணி நேரத்தில் கையில் கொடுத்தார்கள். அந்தக் கடுப்பு ஆறாத நேரத்தில் கோட்டையூர்த் தம்பி போன் செய்தான். "அண்ணே, யகூசா மொத்தமும் விலை குறைஞ்சிருக்கு. புதுசை மட்டும் வாங்கிக்கிட்டு பழைய கதையை யூடியூப்ல பாத்துக்கவா?" யகூசா என்றால் ஜப்பான் ரவுடிக் கும்பல்களைப் பற்றிய வீடியோ கேம் வரிசை. எதையுமே வாங்காதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்படி ஒற்றை வரியில் முடித்திருக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

முதல் ஆட்டம் வந்தது 2005இல். ஆனால் கதை தொடங்குவது 2015இல் வந்த ஜீரோவில், 1988 டிசம்பரில். ஜீரோவுக்கு அப்புறம், முதல் இரண்டையும் புதிதாகச் செய்த கிவாமி, கிவாமி 2. பிறகு 3, 4, 5, 6. ஏழில் கசுகா இச்சிபான் என்று புது நாயகன் வருவதால் நேராக அங்கே நுழைகிறவர்களும் உண்டு. நுழையலாம், கதை புரியும். பழைய ஆட்கள் வந்து நிற்கும்போது தொண்டை அடைக்காது, அவ்வளவுதான். யூடியூப் சுருக்கத்தில் பழைய நாயகன் கிரியு பத்து வருஷம் ஜெயிலுக்குப் போவது ஒரு வரி. ஜீரோவில் கிரியுவின் கூட்டாளி நிஷிகியாமாவோடு ராத்திரி ராத்திரியாகத் தெருச் சுற்றியவனுக்குத்தான், அந்தக் கூட்டாளியின் பழியைக் கிரியு ஏற்றுக்கொண்டு உள்ளே போவது வலிக்கும்.

ஜீரோவில் சண்டை எதற்கு என்று பாருங்கள். டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்துச் செய்த காமுரோச்சோ என்ற கற்பனைப் பேட்டை. அதற்குள் கட்டிடங்களுக்கு நடுவே சிக்கிய துண்டு மனை ஒன்று. எங்கள் வளவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஜப்பானில் நிலத்தின் விலை வெறிபிடித்து ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் துண்டை வாங்கித் தருகிறவனுக்குத்தான் அடுத்த நாற்காலி என்று கிரியுவின் கும்பல் தலைவன் தோஜிமா சொல்லிவிட, குஸே, அவானோ, ஷிபுசாவா என்று மூன்று தளபதிகளும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள். கிரியு கடன் வசூலுக்குப் போய் அடித்த ஆள் அந்த மனையிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். கதை அங்கே பிடிக்கிறது.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பதினொரு பங்கு. ஒரு அறையின் சாவி பினாங்கில் இருக்கிறது. இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மூன்று மழை போய்விட்டது; எல்லாப் பங்காளியும் ஒப்பாமல் கை வைக்க முடியாது. அந்த வீட்டில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தை ஆடினேன். பின்னால் நாற்காலி போட்டு அப்பத்தா உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் ஜப்பானியம், கீழே ஆங்கிலம். நான் தமிழில் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். "இவுகளும் பங்கு பிரிக்காமத்தான் அடிச்சுக்கிறாகளா?" என்றார் இரண்டாம் நாள்.

யகூசா குடும்பம் ரத்த உறவு இல்லை, கிண்ணத்தில் சாக்கே என்ற அரிசி மதுவைப் பகிர்ந்து குடித்து அப்பன், பிள்ளை, அண்ணன், தம்பி ஆகிறார்கள் என்று விளக்கினேன். "பிள்ளை கூட்டுறதுதானய்யா" என்று எங்கள் பக்கத்துச் சுவீகாரத்தைச் சொல்லிவிட்டு உடனே கேட்டார்: "கூட்டிக்கிட்ட பிள்ளையள்ல யாருக்கு உரிமை?" கிவாமியின் கதை முழுக்க அந்தக் கேள்விதான். நான் பதின்மூன்று அத்தியாயம் ஆடிப் புரிந்துகொண்டதை அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டார். குஸே தோற்றுப்போய் விரலை வெட்டிக்கொண்டு மறுபடி மறுபடி வந்து மோதுவானே, அவன்மேல் அவருக்குத் தனி மரியாதை. "தோத்தாலும் மானஸ்தன்" என்பார்.

இவ்வளவு நன்றாகக் கதை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆட்டத்தைச் சேமிக்க ஒரு வழி வைக்கத் தெரியாதா? ஜீரோவில் டெலிபோன் பூத்துக்குப் போய்த்தான் சேமிக்க வேண்டும். 1988இல் கைபேசி ஏது, பேஜர்தான், அதனால் பூத் பொருத்தம் என்பார்கள். பார்க்க அழகுதான், நானும் எஸ்டிடி பூத் வாசலில் நின்ற ஆள்தான். ஆனால் இருபது நிமிஷக் காட்சி, உடனே சண்டை, அது முடிந்ததும் மறுபடி காட்சி என்று இழுத்துக்கொண்டே போகும்போது நடுவில் பூத் ஏது? எங்கள் ஊரில் சித்திரை மாதச் சாயங்காலம் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. நான்காவது அத்தியாயத்தை மூன்று முறை ஆடினேன். மூன்றாம் முறை அப்பத்தாவே "இது பாத்தாச்சு, ஓட்டு" என்றார். கிவாமியிலும் அதே பூத். கிவாமி 2இல் நினைத்த இடத்தில் சேமிக்கலாம் என்றதும் பெருமூச்சு விட்டேன். அடுத்து 3க்குப் போனால் பழைய ஆட்டம், திரும்பவும் பூத்!

3இல் கிரியு ஒகினாவாவில் அநாதைப் பிள்ளைகளை வைத்து வளர்க்கிறான். மெதுவாகப் போகிறது என்று பலரும் திட்டும் பாகம். எதிராளிகள் எல்லா அடியையும் தடுத்துக்கொண்டே நிற்பதும் சலிப்புதான். ஆனால் அங்கேயும் பிரச்சினை நிலம்தான்: பிள்ளைகள் இருக்கும் இடத்தைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். ஒகினாவாக் காட்சி எதையும் அப்பத்தா தாண்டவிடவில்லை.

பொங்கல் கழிந்து அவர் கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் அத்தை வீட்டுக்குப் போனார். நான் 4ஐத் தனியாக ஆடுகிறேன். நான்கு நாயகர்கள், நல்ல தொடக்கம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் மூடி வைத்துவிடுகிறேன். யாருக்கும் சொல்லாமல் ஆங்கில வரிகளை மனசுக்குள் படித்துக்கொண்டு போவதில் எனக்கு ருசி இல்லை. இன்று மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஐந்துதான். தம்பிக்குச் சொன்ன பதிலையும் மாற்றவில்லை: இப்போதைக்கு வாங்காதே. வீட்டில் ஆள் இருக்கும்போது வாங்கு, ஜீரோவை மட்டும்.

போன வாரம் அப்பத்தா போன் செய்தார். கட்டு அவிழ்த்துவிட்டார்களாம், எழுத்து தெரிகிறதாம். "அந்த ஒத்தக் கண்ணனுக்குக் கண்ணு எப்படிப் போச்சுன்னு சொன்னாகளா?" என்றார். ஜீரோவின் இன்னொரு நாயகன் மஜிமாவைக் கேட்கிறார். ஜீரோவில் அவன் ஒசாகாப் பக்கத்தில் தலைகாட்டிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்குப் பதில் 4இல்தான் வருகிறது, 1985இல் நடந்த ஒரு சம்பவமாக. அந்தக் காட்சியை நான் பார்த்துவிட்டேன்.

"இன்னும் வரல அப்பத்தா, நீங்க வந்ததும் சேந்து பாப்போம்" என்றேன்.